பின்னச்சில் ஊளை

மார்ச் 4

அண்ணனுக்கு,

வொர்க்‌ஷாப்புக்கு ஐந்து தடவை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். ஆறாவது தடவை வீட்டுக்கு அடித்தேன். அண்ணி எடுத்தார். "அவர் போன்ல பேச மாட்டாராம். எதுவா இருந்தாலும் எழுதிப் போடச் சொல்றார்" என்றார். சரி, மகாராஜா உத்தரவு. எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்பு. போன வாரம் உன் வொர்க்‌ஷாப் வாசலில், வாடிக்கைக்காரர்கள் நான்கு பேர் நிற்கும்போது, "நீ கட்டின டிஃபரன்ஷியல் ஊளையிடுது" என்று நான் கத்தியிருக்கக் கூடாது. உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீயும் சும்மா இருக்கவில்லை. "போய் உன் காதைக் காட்டு" என்றாய். நான் மாட்டு டாக்டர்தான், ஆனாலும் டாக்டர். நாலு பேர் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தேன்.

இப்போது விஷயம். ஜனவரியில் என் ஜீப்பின் பின்னச்சில் இருக்கிற டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தாய். அதற்கு முன் கடகடவென்று இருந்தது, நீ பேரிங் மாற்றியதும் அது போயிற்று. அதில் குறை சொல்லவில்லை. ஆனால் அது காலி செய்த இடத்தில் வேறொன்று குடிவந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டும்போது மெல்ல ஆரம்பிக்கிறது. அறுபதில் உச்சம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'ஊஊய்ங்' என்று மெலிசாக ஒரே இழுப்பாக இழுக்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி. இதைக் காகிதத்தில் எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. என்னிடம் வருகிற மாடாவது வலிக்கிற இடத்தில் தொட்டால் உதைக்கும். இந்த ஜீப் அதுகூடச் செய்வதில்லை.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். மே பன்னிரண்டாம் தேதி மேல் புல்வெளி ஊர்கள் பதினான்குக்கும் கோமாரித் தடுப்பூசி போட ஏறுகிறேன். மருந்து ஐஸ் பெட்டியில் மூன்று நாள்தான் தாங்கும். பாதி வழியில் அச்சு உடைந்து நின்றால் மருந்து வீண். மழை பிடித்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாது, ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு ஒரு வருஷம் ஒரே ஒரு ஊரை விட்டுவிட்டு வந்ததில் எத்தனை கன்று செத்தது என்று எண்ணியவள் நான்தான். அதோடு அந்த ஏற்றத்தில் பின்சக்கரம் இறுகிக்கொண்டால் நானும் கம்பவுண்டரும் பள்ளத்தில்தான் இறங்குவோம்.

ஆகவே கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல். அது என்ன சத்தம்?

தங்கை


மார்ச் 11

தங்கச்சிக்கு,

வேறு தாள் அகப்படவில்லை, வண்டியில் செய்த வேலையை எழுதிக் கொடுக்கிற ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதுகிறேன். கிரீஸ் விரல் பட்டிருக்கும், பொறுத்துக்கொள்.

நீ மன்னிப்புக் கேட்டதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அவ கேட்டுட்டா, நீங்க எப்பக் கேப்பீங்க?" என்கிறாள். வீட்டில் உனக்குத்தான் ஆதரவு.

உன் ஜீப்பில் சத்தம் இல்லை. கட்டி முடித்ததும் நாற்பது கிலோமீட்டர் நானே ஓட்டினேன். கண்ணாடியை ஏற்றி ஓட்டினேன், இறக்கி ஓட்டினேன். ஒன்றும் இல்லை. என்னை இங்கே காதுக்காரர் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிறவன் நான். சில பேர் டிஃபரன்ஷியலைக் கட்டியதும் பல்சக்கரத்தில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவி, சுற்றி, பல் எங்கே பதிகிறது என்று அச்சுப் பார்ப்பார்கள். காதை நம்பாதவன் செய்கிற வேலை அது. நான் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

உனக்குக் கேட்பது டயர் சத்தம். போன வருஷம் என்னைக் கேட்காமல் கட்டை கட்டையாக ஒரு செட் டயர் வாங்கி மாட்டினாயே, அதுதான் பாடுகிறது. சந்தேகமிருந்தால் வழவழப்பான ரோட்டுக்குப் போ. அறுபதில் போகும்போது நியூட்ரலில் போடு. அப்போதும் சத்தம் வந்தால் டயர். மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியல். அது வராது, ஏனென்றால் அதைக் கட்டியவன் நான்.

போன் வேண்டாம். போனில் நீ பேசினால் எனக்குத் தலைவலி வருகிறது. கடிதமே நல்லது, நீ கத்தினாலும் தாள் கத்தாது.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

நீ சொன்ன பரீட்சையைப் புது பைபாஸில் மூன்று தடவை செய்தேன். நியூட்ரலில் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது. கியரில் போட்டு மிதித்ததும் வந்துவிட்டது. நீ எழுதிய கணக்குப்படியே அது டிஃபரன்ஷியல். டயரையும் விட்டு வைக்கவில்லை. பால் பண்ணை மேனேஜரிடம் நான்கு சாதா டயரைக் கடன் வாங்கி மாட்டி ஓட்டினேன். அதே ஊளை.

ஆனால் நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். காதைக் காட்டப் போனேன். நிஜமாகத்தான். நீ ஒன்று சொல்லி அது தப்பாகி நான் பார்த்ததில்லை. பஸ் ஒன்று மூன்றாம் தெருவில் வரும்போதே அதன் கிளட்ச் பிளேட்டைப் பற்றிச் சொல்லுவாய், மறுநாள் அது நடுரோட்டில் நிற்கும். அப்படிப்பட்ட நீ இல்லை என்கிறாய், எனக்குக் கேட்கிறது. யாருக்குக் கோளாறு? எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். "நாப்பது வயசுக்கு இது அருமையான காதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து ஜீப்பில் ஏறினேன். ஐம்பத்தைந்தில் ஆரம்பித்துவிட்டது.

சரி, இன்னொரு காதிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் இருந்த கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது டாக்டர்."

"என் பிரமையோ?"

"அப்படித்தான் தெரியுது டாக்டர்."

இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பத்து வருஷமாக என் கூட இருக்கிறார், ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

பேச்சு மாறாத சாட்சி ஒன்றுதான் கிடைத்தது. மேட்டு ஊரில் ஆட்டு மந்தை பக்கமாக அறுபதில் போனேன். காவல் நாய்கள் மூன்று ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, கூடவே ஊளையிட்டன. காலை எடுத்தேன், நிறுத்தின. மிதித்தேன், ஆரம்பித்தன. நாய்க்கு உன் பேரில் என்ன பகை?

எனக்குத் தலை சுற்றுகிறது அண்ணா. கம்பவுண்டரிடம் ஜீப்பைக் கொடுத்து அனுப்புகிறேன். நீயே ஓட்டிப் பார்த்துவிடு.

தங்கை


மார்ச் 28

தங்கச்சிக்கு,

ஜீப் வந்தது. இரண்டு நாள் ஓட்டினேன். மேட்டில் ஏற்றினேன், பள்ளத்தில் இறக்கினேன், அறுபதில் அரை மணி நேரம் வைத்திருந்தேன். பூ மாதிரி ஓடுகிறது. உன் கம்பவுண்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். "சத்தம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "சுத்தமா இல்ல சார்" என்றார். உன் ஆள், உன் சாட்சி.

திறந்து பார்க்க அவசியமில்லை. சத்தமில்லாத டிஃபரன்ஷியலைத் திறப்பது நல்லா இருக்கிறவன் வயிற்றைக் கிழிப்பது மாதிரி. நீ டாக்டர், உனக்குத் தெரியும்.

நாய் கதையை வேறு யாரிடமும் சொல்லாதே.

நானாகச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். போன வருஷத்திலிருந்து என் கையிலிருந்து போன ஒரு வண்டியிலும் சத்தம் இல்லை. முன்பெல்லாம் இரண்டு தடவை, மூன்று தடவை பிரித்துக் கட்டிய வேலையெல்லாம் இப்போது ஒரே தடவையில் அமைந்துவிடுகிறது. இவ்வளவு வருஷம் கழித்து இப்போதுதான் கை தேறியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் நின்று நீ கத்தினாய். அதிலிருந்து இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் வரவில்லை. வேலை இருக்கிறதோ என்னவோ. ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

கம்பவுண்டரை உட்கார வைத்து விசாரித்தேன். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். "சத்தம் இருந்துச்சு டாக்டர். ஆனா சார் மூஞ்சியப் பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா ஓட்டிட்டு இருந்தார். எப்படி டாக்டர் சொல்றது?" என்கிறார். அவரைத் திட்டவா, உன்னைத் திட்டவா?

போகும்போது இருந்த ஊளை வரும்போது இரண்டு மடங்கு. நேற்று நானே ஜீப்புக்கு அடியில் படுத்து, டிஃபரன்ஷியலின் அடித் திருகைக் கழற்றி ஒரு கிண்ணம் எண்ணெய் பிடித்தேன். வெயிலில் காட்டினால் வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுக்கிறது. விரலில் தேய்த்தேன், நறநற. நகக்கண் அளவுக்கு ஒரு இரும்புத் துணுக்கும் இருந்தது. இந்தக் கவரில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். இதுவும் டயரிலிருந்து வந்ததா?

என்னை ஏன் இப்படிச் செய்கிறாய்? வாசலில் கத்தியதற்குத் தண்டனை என்றால் நேராகச் சொல்லிவிடு. தங்கை உயிரோடு விளையாடுகிற அளவுக்கு உனக்கு ரோஷமா? இதைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டு நாய்க்குட்டிக்குத் தையல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் இதேதான் ஓடுகிறது. சத்தம் இருக்கிறது. நீ அதை ஓட்டினாய். நீ இல்லை என்கிறாய். நீ பொய் சொல்கிறவன் இல்லை. இந்த நான்கையும் எப்படி அடுக்கினாலும் ஒன்று வெளியே நீட்டிக்கொள்கிறது.

இன்னும் முப்பத்தொன்பது நாள்.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

துணுக்கு கிடைத்தது. அது எதிலிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. நான் கட்டியதில் துணுக்கு வராது.

உயிரோடு விளையாடுகிறேன் என்று எழுதிவிட்டாய். நல்லது. வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொள். இனி இதைப் பற்றி எழுதாதே.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

எழுதாதே என்றாய். இது நான் எழுதிக் கிழித்துப் போட்ட மூன்று தாளுக்கு அப்புறம் நான்காவது தாள். கோபமாகப் படிக்காதே. உட்கார்ந்து படி. முடிந்தால் அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

இங்கே டிராக்டர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஜீப்பை அவரிடம் விட்டேன். சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து பெஞ்சில் வைத்தார். நானும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெரிய பல்சக்கரத்தில், நீங்கள் கிரவுன் என்கிறீர்களே அதில், இரண்டு பல் ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்து சுற்றுகிற பினியனின் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. அவர் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவிச் சுற்றிக் காட்டினார். நடுவில் பதிய வேண்டிய அச்சு பல்லின் அடியில் போய்ப் பதிகிறது. பினியனுக்குப் பின்னால் வைக்கிற ஷிம், அதாவது அந்த மெல்லிய வளையம், கொஞ்சம் தடிமன் அதிகமாம். பினியன் தேவைக்கு மேல் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறதாம். முதல் நாளிலிருந்தே ஊளையிட்டிருக்கும் என்றார். பினியன் உடைந்திருந்தால் பின்சக்கரம் இரண்டும் அப்படியே இறுகியிருக்குமாம்.

தடிமன் கொஞ்சம் முன்னே பின்னே ஆவது யாருக்கும் நடக்கும், அதை ஓட்டிப் பார்க்கும்போது பிடித்துவிடுவார்கள் என்றார். அப்புறம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்தச் சத்தத்தோட வண்டிய வெளிய விட்டவன் செவிடனாத்தான் இருக்கணும்மா" என்றார்.

நான் சிரித்தேன். கம்பவுண்டரும் சிரித்தார். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நாய்க்குட்டிக்குக் காது கேட்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? முகத்துக்கு எதிரே கைதட்டக் கூடாது. கை அசைவதைப் பார்த்தே திரும்பிவிடும், நாம் ஏமாந்துபோவோம். பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும். அன்றைக்கு உன் வொர்க்‌ஷாப்பில் நான் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தாய், திரும்பவில்லை. கோபத்தில் இருக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் கத்தினேன். ஐந்து தடவை போன் மணி அடித்தது. அதுவும் கோபம் என்றுதான் நினைத்தேன். போனில் பேசினால் தலைவலி என்றாய், அதையும் நம்பினேன். நான் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். தங்கை என்கிற மரியாதையே இல்லை என்று மனதில் வைதுகொண்டேன்.

நான்கையும் அடுக்க முடியாமல் இவ்வளவு நாள் தவித்தேன் அல்லவா? இப்போது அடுக்க முடிகிறது. அடுக்க முடியாமலே இருந்திருக்கலாம்.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதிவிடு. உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 30

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை முதலில் கிழிக்கப் போனேன். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். படித்தாள். மறுநாள் காலை நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து என் தோளைத் தொட்டாள். கையில் அலாரம் கடிகாரம். அது அடித்துக்கொண்டிருந்ததாம். கொஞ்ச நேரமாகவே அடித்துக்கொண்டிருந்ததாம். அவள் கண்ணில் தண்ணீர். நான் முதலில் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன், வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மணியை அடிக்கிற சுத்தி துடித்துக்கொண்டிருந்தது, விரலில் தெரிந்தது.

நீ உட்கார்ந்த மாதிரி ஒரு கண்ணாடி அறைக்குள் நானும் உட்கார்ந்தேன். முதலில் தாழ்ந்த சத்தங்கள். எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்தினேன், கெட்டிக்காரன் மாதிரி. பிறகு ஒன்றும் வரவில்லை. வெளியே அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். கடைசியில் கண்ணாடியைத் தட்டி, "மெஷின் நின்னுபோச்சா பாருங்கம்மா" என்றேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரைந்து கொடுத்த கோடு பாதி வரை நேராகப் போகிறது, அப்புறம் பள்ளத்தில் விழுகிறது. கிரைண்டரும் கம்ப்ரஸரும் சம்மட்டியும் இருபத்தைந்து வருஷம் தின்றுவிட்டதாம். தடித்த சத்தமெல்லாம் கேட்கும். மெலிசான சத்தம், விசில், மணி, பினியன் ஊளை, இதெல்லாம் எனக்கு இனி இல்லை.

எனக்கு எது வலிக்கிறது என்றால், போன வருஷம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். என் கையிலிருந்து போகிற வண்டியெல்லாம் சத்தமில்லாமல் போகிறது என்று பெருமைப்பட்டேன். உனக்கு எழுதவும் செய்தேன். அண்ணியிடம் தினமும் சொல்வேன். அவள்கூட நம்பினாள்.

உன்னைக் காதைக் காட்டச் சொன்னேன். நீயும் போய்க் காட்டினாய். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த டிராக்டர்காரர் நல்ல வேலைக்காரர். அவரே கட்டட்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடு. எனக்கு இனி இந்த வேலை வேண்டாம்.

அண்ணன்


மே 3

அண்ணா,

முடியாது. டிராக்டர்காரரிடம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிஃபரன்ஷியலைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். புது ஜோடி நாளை வருகிறது. வெள்ளிக்கிழமை பால் லாரியில் ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

உன் கண் நன்றாகத்தானே இருக்கிறது? பேஸ்ட்டைத் தடவு. அச்சைப் பார். தப்பாக இருந்தால் பிரி, ஷிம்மை மாற்று, மறுபடி தடவு. பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை. ஓட்டிப் பார்க்கும்போது நான் கேட்டுச் சொல்கிறேன். நீ கேட்கிறாயோ இல்லையோ, நான் பன்னிரண்டாம் தேதி அந்த ஏற்றத்தில் ஏறும்போது அடியில் இருப்பது நீ கட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

பாவம் பார்த்துச் சொல்லவில்லை. பாவம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று என் மாடுகளைக் கேட்டால் சொல்லும். பயந்துதான் சொல்கிறேன். நீ கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அண்ணியை உன்னிடமிருந்து யார் காப்பாற்றுவது?

தங்கை


மே 21

அண்ணா,

நேற்று மாலை இறங்கினேன். எட்டு நாள், மூன்று நடை, பதினான்கு ஊர். ஒரு கன்றுகூட விட்டுப்போகவில்லை. கடைசி ஊரிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை வந்தது. ஜீப் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஏறியது. அறுபதில் வைத்துக் கம்பவுண்டரைக் கேட்டேன். "சத்தம் இருக்கா?" என்றேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, "இல்ல டாக்டர். நிஜமாவே இல்ல" என்று சத்தியம் செய்தார்.

அன்று புது ஜோடியைப் போட்டுக் கட்டும்போது ஐந்தாவது தடவையாக நீ பேஸ்ட்டைத் தடவினாய், போதும் என்று நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. அது காதால் வந்த கேட்காமை இல்லை என்று எனக்குத் தெரியும். நல்லவேளை கேட்கவில்லை.

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தால் அண்ணி வேறு குண்டைப் போடுகிறார். பன்னிரண்டாம் தேதியிலிருந்தே நீ வொர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லையாம். பழைய ஜாப் கார்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாயாம், எங்கே போனாய் என்று கேட்டால் பதில் இல்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. எங்கேதான் போகிறாய்?

தங்கை


மே 27

தங்கச்சிக்கு,

நீ பத்திரமாக இறங்கியதைப் படித்ததும்தான் மூச்சு வந்தது. பினியன் நட்டை நான் முறுக்கியது போதுமா என்று எட்டு நாளும் கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே போகிறேன் என்று அண்ணியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன். போன வருஷம் ஏப்ரலிலிருந்து நான் 'சத்தமில்லை' என்று எழுதிக் கொடுத்த கார்டுகளை எடுத்து அடுக்கினேன். முப்பத்தொரு வண்டி. ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறேன்.

முதலில் போனது தண்ணீர் லாரிக்காரரிடம். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "உங்க வண்டில பின்னால சத்தம் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குங்களே" என்றார், சாதாரணமாக. "நீங்க இல்லன்னு சொன்னீங்க. காதுக்காரரே சொல்லிட்டார், அப்ப இதுக்குப் பேரு சத்தம் இல்ல போலன்னு ஓட்டிட்டு இருக்கோம்." இப்படியேதான் அடுத்தவரும். அதற்கடுத்தவரும். பத்தொன்பது வண்டி பார்த்துவிட்டேன், ஏழில் சத்தம். ஏழு பேருக்கும் கேட்டிருக்கிறது. ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லவில்லை. சொன்னது நீ ஒருத்திதான். உன்னை நான் என்ன செய்தேன் என்று நீ அறிவாய்.

ஏழையும் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேஸ்ட் தடவித்தான். காதுக்கு ஒரு கருவி சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதம் வரும். அதுவரை ஓட்டிப் பார்க்கும்போது வண்டிக்காரரையே பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். காது கேட்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்ல நாக்கு புரளவில்லை. இப்போது பழகிவிட்டது. மூன்று பேர் கார்டை வாங்கிக்கொண்டு, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இருபதாவது வண்டிதான் என்னைப் படுத்திவிட்டது. மர மில் வேன். மில்காரர் சொன்னார், "எங்க டிரைவர் சத்தம் சத்தம்னு தினம் உயிர வாங்கினான். உங்ககிட்ட அனுப்பினேன், நீங்க இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. வேலை செய்யாம இருக்கச் சாக்கு சொல்றான்னு டிசம்பர்லயே நிறுத்திட்டேன்." இப்போது வேன் மில் வாசலில் செங்கல் மேல் நிற்கிறது. பினியன் உடைந்துவிட்டது. நல்லவேளை, மில்லுக்குள்ளேயே. நான் நடந்ததைச் சொன்னேன். மில்காரர் கேட்டுக்கொண்டார், டிரைவரைத் திரும்பக் கூப்பிடுவாரா என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

டிரைவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். வேறு வண்டி கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "கிடைச்சுது. அவர்தான் போகல. காதுல ஏதோ கோளாறு, இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுன்னு சொல்லி, வண்டிய நம்பி நாலு பேர ஏத்த மாட்டேங்கிறார்" என்றார். குடோனில் காவலுக்குப் போகிறாராம். உள்ளேயிருந்து அவர் வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு ஒதுங்கி நின்றார். நின்ற இடத்திலேயே சொன்னேன். "உங்களுக்குக் கேட்டது நிஜம். எனக்குத்தான் காது கேக்கல."

நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். மனைவியைக் கிட்டே கூப்பிட்டு, "இப்பச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார். அறையில் படுத்திருந்த மாமியாரையும் எழுப்பிக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அந்தத் தடவை பாதியோடு நின்றுவிட்டேன். மீதியை அவரே சொல்லி முடித்தார்.

அண்ணன்